பௌர்ணமி என்று தேடினால்

ஜூன் 3, திங்கள்

காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் இழவுச் செய்தி. எங்கள் வலைப்பூ குடியிருக்கும் 'பூந்தொட்டி' தளத்தை இந்த மாதம் முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்கு இழுத்து மூடப்போகிறார்களாம். வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு எதுவும் மிஞ்சாது என்று மூன்றே வரி. ஒப்புக்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

வலைப்பூவின் பெயர் 'பதிவர் பெட்டி'. எங்கள் என்றால் நானும் பௌர்ணமியக்காவும். வலைப்பூ எழுதுகிறவர்களுக்கு உதவுவதற்காகவே ஒரு வலைப்பூ. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் கருவி எங்கே கிடைக்கும், சொற்பிழை திருத்தியை எந்த அளவுக்கு நம்பலாம், படத்தின் கனத்தை எப்படிக் குறைப்பது, தலைப்பு எப்படி வைத்தால் ஆள் வரும், இப்படி எட்டு வருடம் எழுதினோம், பிறகு நின்றுபோனது. மொத்தம் முந்நூற்று நாற்பது பதிவுகள். அக்கா விருதுநகரில், நான் வால்பாறையில். நேரில் பார்த்ததே இல்லை. முகப்படம் போடவேண்டிய இடத்தில் அவர் முழுநிலாவை வைத்திருந்தார், நான் ஒரு தேயிலைக் கொழுந்தை.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. நிர்வாகி உள்ளே நுழைந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். நிர்வாகி அக்கா. நான் வெறும் எழுத்தாளர். அக்கா அந்தப் பக்கம் வந்து ஆறு வருடம் ஆகிறது. ஏதோ வேலையாக இருந்திருப்பார்.

மழை விடவில்லை. துணி காயவில்லை.

ஜூன் 5, புதன்

அக்காவின் பழைய முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டது. தொலைபேசி எண் நாங்கள் கொடுத்துக்கொண்டதே இல்லை. எழுத்திலேயே எல்லாம் பேசி முடித்துவிடுவோம், எண் எதற்கு?

குணசீலனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர், எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீ மேக்கர். வீட்டுக்குள் வந்தால் அவருக்கு முன்னால் தேயிலை வாசனை வரும். காலுறையிலிருந்து ஓர் அட்டைப்பூச்சியைப் பிய்த்து உப்பில் போட்டுக்கொண்டே கேட்டார். "எல்லாம் வெளிய தெரியற பதிவுதானே புனிதா? ஒண்ணொண்ணா காப்பி பண்ணி ஒட்டிக்க வேண்டியதுதானே?"

"கமெண்ட் எல்லாம் போயிருமுங்க. தேதி போயிரும். வரைவுல இருக்கறது எதுவும் வராது."

"ஓ" என்றார். அந்த ஓ எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, சனி

இன்று மதியம் மூடுபனி சன்னலுக்கு உள்ளேயே வந்துவிட்டது. எதிர்க் குன்று இல்லை. வேலி இல்லை. உலகத்தில் மிச்சம் இருந்தது என் மேசையும் கணினித் திரையும்தான். சும்மா உட்கார்ந்திருப்பதற்குத் தேடலாமே என்று தேடினேன்.

தமிழ் வலைப்பூக்களை எல்லாம் ஓரிடத்தில் காட்டும் பழைய திரட்டி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் தேடல் பெட்டி பிடிவாதக்காரப் பெட்டி. கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும், ஊகிக்காது. பௌர்ணமி என்று போட்டேன். கிரிவலம் போகும் நேரம் வந்தது. பௌர்ணமி பூசைக்கான பால் பாயசம் வந்தது. பௌர்ணமியன்று முடி வெட்டலாமா என்று நூற்றுப் பதினோரு பேர் சண்டை போட்டிருந்தார்கள். காதல் கவிதைகளோ அள்ள அள்ளக் குறையவில்லை. என் அக்கா மட்டும் எதிலும் இல்லை.

அப்படியே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். அக்கா வாசலில் நிற்பதுபோல் கனவு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அந்த நிலாப் படம். "உள்ள வாங்க" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இட்லி மாவு மூன்று நாளாகப் பொங்கவில்லை. இந்தக் குளிரில் எதுதான் பொங்கும்.

ஜூன் 12, புதன்

வீட்டுக்காரர் சொன்னபடி ஒட்ட ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதிவு. அதற்குமேல் போனால் கழுத்து வலி.

படித்துக்கொண்டே ஒட்டுவதால் வேலை ஓடவில்லை. அக்கா எழுதிய 'முதல் பதிவை வெளியிடும் முன்' என்ற பதிவைப் படித்துவிட்டு அரை மணி நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "வெளியிடு என்ற பொத்தானைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது கதவு. தட்டினால் யாராவது ஒருவர் திறப்பார்" என்று எழுதியிருக்கிறார். அறுபத்திரண்டு பின்னூட்டங்கள். ஒரு பெண், பிள்ளை பெற்று இருபது நாளான பெண், தன் முதல் பதிவின் சுட்டியை அங்கே கொடுத்திருக்கிறாள். அக்கா போய்ப் படித்துவிட்டு வந்து அவளுக்குப் பதில் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் எழுதியிருக்கிறார்.

அடுத்தது என் பதிவு. 'ஒற்று மிகும் இடங்கள், மிகா இடங்கள்'. நான்கு பின்னூட்டங்கள். அதில் இரண்டு நான் சொன்ன நன்றி.

என் தொழில் பிழை திருத்துவது. கோயம்புத்தூர்ப் பதிப்பகம் ஒன்றுக்கு இருபத்தாறு வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறேன். அக்காவின் பதிவுகளையும் நான்தான் பார்த்துக் கொடுப்பேன். எவ்வளவு திருத்தினாலும் கோபம் வராது அவருக்கு. "உன் கை பட்டா நல்லாருக்கு" என்பார். அப்படிப்பட்டவர் ஏன் போனார் என்று கேட்டால், ஏதோ ஒரு பதிவு பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

மின்சாரம் இல்லை. நேற்றும் இல்லை. மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம். சன்னலோரம் உட்கார்ந்து தாளில் பிழை திருத்தினேன். சோளத்தைப் பற்றிய வேளாண்மைப் புத்தகம்.

கனவில் பேசுவதுபோல் எனக்குள்ளேயே அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். நான்தான் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் "சரி, அப்புறம்?" என்றார். நான் சோளத்துக்குத் திரும்பினேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று அந்தப் பதிவு வந்துவிட்டது. வரும் என்று தெரியும். பிரிவு பிரிவாக ஒட்டிக்கொண்டே வந்தால் வராமல் எங்கே போகும்.

'பதிவர்கள் செய்யும் பத்துப் பிழைகள்'. எழுதியவர் புனிதவதி. ஏழாவது எண்ணை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஔகாரக் குறிக்குப் பதிலாக ள-வை அடிக்கிறவர்கள். பௌ என்பதில் பின்னால் வருவது ள அன்று, தனிக்குறி. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று சிலர் சாதிக்கிறார்கள். சொந்தப் பெயரையே தப்பாக எழுதிக்கொண்டு, ஊருக்கெல்லாம் வலைப்பூ எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களை எனக்குத் தெரியும்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. 'பெளர்ணமி' என்று ள போட்டுத்தான் அக்கா தன் பெயரை எழுதுவார். விருதுநகரில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர், பழைய தட்டச்சுப் பழக்கம். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கணினிக்கு மட்டும் வேறு வேறு ஆட்கள். அவர் பதிவுகளில் எத்தனையோ ள-வை நான் சத்தமில்லாமல் எடுத்திருக்கிறேன். பெயரை மட்டும் தொட்டதில்லை. காதோடு சொல்லியிருக்கலாம். ஊர் கூட்டிச் சொன்னேன்.

அந்தப் பதிவுக்கு எண்பது பின்னூட்டம். என் வாழ்நாள் சாதனை. "யாருன்னு தெரியுது, தெரியுது" என்று சிரித்திருக்கிறார்கள். நாற்பத்தோராவதாக அக்கா. "நல்ல பதிவு. திருத்திக்கொள்கிறேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் எழுதவில்லை.

ஏன் செய்தேன் என்றால் பொறாமை. அறுபத்திரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் இருந்த பொறாமை. இதை எழுத எனக்கு ஆறு வருடமும் பதினைந்து நாளும் பிடித்திருக்கிறது.

இந்தப் பதிவை ஒட்டவில்லை. கணினியை அணைத்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

மதியம் தூக்கம் பிடித்தது. தேயிலைச் சரிவில் நிற்கிறேன். செடிக்குச் செடி கொழுந்துக்குப் பதில் எழுத்துகள் துளிர்த்திருக்கின்றன. கூடையைக் கட்டிக்கொண்டு பிழைகளை மட்டும் கிள்ளிக்கொண்டே போகிறேன். எல்லாம் ள. கிள்ளக் கிள்ள ள. மூடுபனி கீழே இறங்குகிறது. பின்னால் யாரோ, "எல்லாத்தையும் பறிச்சிட்டா எங்க நிக்கறது?" என்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் பனிதான் தெரிகிறது.

முழித்தேன். சன்னல் முழுக்க வெள்ளை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் திரட்டியைத் திறந்து, வாழ்நாளில் முதல்முறையாக வேண்டுமென்றே ஒரு பிழையை அடித்தேன். ஒற்றைக்கொம்பு, ப, ள. விரல் கூசியது. பெளர்ணமி.

கிரிவலம் இல்லை, பாயசம் இல்லை. ஒரே ஒரு வலைப்பூ வந்தது. 'கேட்டு எழுதுகிறேன்'. எழுதுபவர்: பெளர்ணமி. கடைசிப் பதிவு ஐந்து நாளுக்கு முன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

நேற்று மாலை முழுக்கவும் இன்று காலையும் படித்தேன். அக்காவுக்குக் கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கூடி, நான்கு வருடத்தில் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது பகல் எது, விளக்கு எது என்று தெரியும், அவ்வளவுதான். தங்கை வீட்டில் இருக்கிறார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அது சொல்லக் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். அதனால்தான் வலைப்பூவுக்கு அந்தப் பெயர். பதிவுகளில் இப்போதும் உதவிக்குறிப்புகள்தான். பார்வையில்லாதவர்கள் வலைப்பூ எழுதுவது எப்படி. படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் எங்களுக்கு வெறும் 'படம்' என்றுதான் கேட்கிறது. பொத்தானுக்குப் பெயர் வையுங்கள்.

போன வருடத்துப் பதிவு ஒன்றில் இது இருக்கிறது.

"மென்பொருள் முதல்முதலாக என் பெயரைப் படித்தபோது சிரித்துவிட்டேன். மூக்கடைத்த ஆள் கூப்பிடுகிற மாதிரி, 'பெ, ளர்ணமி' என்றது. ஒரு தோழி முன்பு இதைத்தான் எழுதினாள். அன்றைக்குப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, என்னை அவமானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். கண் இருக்கும்வரை தெரியாதது காதுக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. இப்போது இந்த வலைப்பூவின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. அவள் என்றைக்காவது தேடினால், இந்தப் பிழையை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடிக்க முடியும்."

அழுதேன். வீட்டுக்காரர் ஃபாக்டரியிலிருந்து வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டு, காப்பி போடப் போனார். டீ மேக்கர் வீட்டில் அழுதால்தான் காப்பி கிடைக்கும்.

ஜூன் 22, சனி

அக்காவின் வலைப்பூவில் பின்னூட்டம் இட உட்கார்ந்தேன். முதலில் மூன்று பக்கம். அதில் என் பக்க நியாயம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதை எடுத்தேன். மிச்சத்தில் அலங்காரம் அதிகம். எடுத்தேன். ஏழாவது முறை எழுதியபோது மிஞ்சியது இது.

"அக்கா, ஏழாவதாக நான் எழுதியது பிழை. பதிவர் பெட்டியை முப்பதாம் தேதி மூடுகிறார்கள். புனிதா."

கீழே என் தொலைபேசி எண். அவர் பார்த்து அனுமதித்தால்தான் பின்னூட்டம் வெளியே தெரியும் என்று பெட்டி சொன்னது. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

தொலைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போகிறேன்.

ஜூன் 26, புதன்

காலை பத்து மணி. தெரியாத எண்.

மெல்லிய குரலாக இருக்கும் என்று பதினான்கு வருடமாக நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். "ஏம்மா, புனிதாவா? நான் பௌர்ணமி பேசுறேன். நெசப் பேரு பாண்டியம்மா. அதச் சொன்னா யாரு படிப்பான்னுதான் பௌர்ணமி!"

"அக்கா" என்றேன். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"என்ன அது சத்தம்?"

"மழைக்கா."

"அங்க மழையா. இங்க காயுது" என்றார். பிறகு, "நீ எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல புனிதா. எழுத்து தப்பு, தப்புன்னு சொன்ன" என்றார்.

"சொன்ன விதம் இருக்கேக்கா."

"ஆமா. அது வலிச்சிச்சு." சுற்றி வளைக்காமல் சொன்னார். "ரொம்ப நாளு வலிச்சிச்சு. சரி, இப்ப என்ன செய்யணும், சொல்லு. அந்தப் பூந்தொட்டிக்குள்ள போனா எனக்கு ஒண்ணும் புரியல. 'பொத்தான், பொத்தான், பொத்தான்'னு மட்டும் சொல்லுது. எதுக்குமே பேரு வைக்கல பாவிக."

"உங்க கடவுச்சொல்லக் குடுத்தா நானே உள்ள போயி எடுத்துருவேன். ஆனா கடவுச்சொல்ல யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நாமதான் எழுதியிருக்கோம்."

"அதையும் நீதான எழுதுன" என்று சிரித்துவிட்டு, எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விடுவார்களாம். அன்றைக்குத்தான் நிம்மதியாகப் பேசிக்கொண்டே எடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஜூன் 30, ஞாயிறு

நாலரை மணிக்கு அக்கா அழைத்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன். பனி இன்று சன்னலுக்கு வெளியிலேயே நின்றது.

நிர்வாகியாக உள்ளே போனேன். இதுவரை நான் பார்த்திராத பக்கங்கள் திறந்தன. பதிவுகள் முந்நூற்று நாற்பது. வரைவு ஒன்று. வரைவின் தலைப்பு 'புனிதாவுக்கு'. தேதி, நான் அந்தப் பதிவை வெளியிட்டதற்கு மறுநாள்.

"அக்கா, இங்க ஒரு வரைவு இருக்கு."

"அழிச்சிரு. கோவத்துல எழுதுனது."

"படிக்கலாமாக்கா?"

"படிச்சா வாய்விட்டுப் படி. என்ன எழுதுனேன்னு எனக்கும் மறந்துபோச்சு."

படித்தேன். என்னைத் திட்டி எழுதிய கடிதத்தை என் குரலிலேயே, எழுதியவருக்குப் படித்துக் காட்டினேன்.

"புனிதாவுக்கு. ஏழாவது எண் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தட்டச்சு எந்திரத்தில் உன் குறிக்குத் தனிக் கட்டை கிடையாது. கொம்பு, எழுத்து, ள. முப்பது வருடம் அப்படித்தான் அடித்தேன். நான் அடித்த பத்திரங்களை வைத்துத்தான் விருதுநகரில் பாதிப் பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். ள போட்டதால் ஒரு வீடும் இடிந்து விழவில்லை. உனக்கு நான் எத்தனை பதிவு அனுப்பியிருப்பேன்? அப்போதெல்லாம் மெளனமாக இருந்துவிட்டு நாலு பேர் முன்னால் சொன்னாய். என் கெளரவம் போனதுகூடப் பெரிதில்லை. யாரிடம் காட்டினால் என் எழுத்து சரியாகும் என்று நம்பினேனோ, அவளிடம் இனிமேல் காட்ட முடியாது. பதில் எழுதினால் சண்டையாகும். உன்னோடு சண்டை போட எனக்கு மனசில்லை. அதனால் இனி மெளனம். பெளர்ணமி."

படித்து முடித்தேன். போனில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் எழுதிருக்கேன், என்ன?" என்றார் அக்கா. மூக்கை உறிஞ்சினார். "பிழை இருந்துச்சா?"

"நாலு எடத்துல இருக்குக்கா."

"அப்ப திருத்திட்டு எங்கயாச்சும் எடுத்து வையி. இல்லாட்டி அழிச்சிரு. நேரமாகுது பாரு."

ஐந்து முப்பத்தைந்து. 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினேன். பதிவர் பெட்டியின் முகப்பில் எல்லாவற்றுக்கும் மேலே அது வந்து உட்கார்ந்தது. பிறகு மொத்தத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டேன். என் 'பத்துப் பிழைகள்' பதிவும் அதில்தான் இருக்கிறது. நாளைக்குப் புது இடத்தில் ஏற்றும்போது அதுவும் அக்காவின் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

"என்ன செஞ்ச? அழிச்சிட்டியா?"

"வெளியிட்டுட்டேன்க்கா."

"ஏய்! எல்லாரும் படிப்பாங்களே புனிதா."

"படிக்கட்டும்க்கா."

இருபத்தாறு வருடமாகப் பிறர் பிழையில் பிழைக்கிறவள் நான். அந்தக் கடிதத்தில் ஒரு ள-வைக்கூடத் தொடவில்லை.